ரெட்டைக் கதவுக் கொட்டில்

நான்கு ஊர்களையும் ஒரே வளையமாகக் கோர்க்க வேண்டும், அதுவும் ஓட்டத் தெரியாதவன் பாதி வழியில் அழுதுகொண்டே திரும்பிப் போகிற மாதிரி கோர்க்க வேண்டும் என்பது லியாண்டரின் ஆசை. எக்காவில் கிளம்பி, பிர்ஷ்மாட், ஹோபியில் என்ற ஊர்கள் வழியாகப் பனியாற்றின் காலடிவரை ஏறி, அங்கிருந்து முகட்டுப் பாதையில் ரீடனுக்கு இறங்கி, மறுபடி எக்காவிலேயே வந்து முடிகிற மலைச் சைக்கிள் பாதை. பள்ளத்தாக்கின் சுற்றுலா அலுவலகத்தார் கேட்டது என்னவோ குழந்தை குட்டியோடு போகிற பாதை. அதைக் கேட்டு லியாண்டர் சிரித்த சிரிப்பில் இருமல் வந்தது, இருமலில் ரத்தம் வந்தது. நோய் இருப்பதே அப்படித்தான் தெரிந்தது.

அது வசந்தத்தில் நடந்தது. இப்போது அக்டோபர் கடைசி. லார்ச் மரங்கள் மஞ்சளாகி ஊசி இலைகளைக் கொட்டிக்கொண்டிருந்தன. நுரையீரலில் இருந்த நோய் எலும்புக்கு இறங்கியிருந்தது. அவன் மனைவி கிரெசென்ஸ், கட்டிலைக் கூடத்துக்குக் கொண்டுவந்து கல்லடுப்பின் பக்கத்தில் போட்டிருந்தாள். கட்டிலில் போர்வை, போர்வைமேல் வரைபடம். தங்கை ஃபிடெஸ் தினமும் ஒரு துண்டுப் பாதையை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டும், அண்ணன் அதைச் சிவப்புப் பென்சிலால் வரைய வேண்டும். எக்காவில் சைக்கிள் கடையை இரண்டு பேரும் சேர்ந்துதான் வைத்திருந்தார்கள். இந்த வேலையையும் அப்படியே பங்கு போட்டுக்கொண்டார்கள்.

“ஹோபியில் காட்டுல வேரெல்லாம் ஒரே ஈரம். ரெண்டு இடத்துல இறங்கிட்டேன்” என்றாள் ஃபிடெஸ்.

“இறங்கினியா, விழுந்தியா?”

“இறங்கினேன்.”

“முட்டியில மண்ணு ஒட்டியிருக்கே. முட்டியாலயா இறங்கினே?”

கிரெசென்ஸ் அடுப்படியிலிருந்து சிரித்தாள். அந்த வீட்டில் இன்னும் சிரிப்பு இருந்தது. ஆனால் டாக்டரம்மா போனமுறை வந்தபோது, லார்ச் மரம் மொட்டையாவதற்குள் முடிந்துவிடும் என்று வாசலில் வைத்துச் சொல்லியிருந்தாள். ஃபிடெஸ் அன்றிலிருந்து மரங்களைப் பார்க்காமலே வண்டி ஓட்டிக்கொண்டிருந்தாள். அண்ணன் போகக் கூடாது. அவளுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. வளையம் முடிகிறவரையாவது இருக்கட்டும் என்று எல்லோரிடமும் சொன்னாள். உள்ளுக்குள், வளையம் முடியவே வேண்டாம் என்றிருந்தது.

ஒரு துண்டுதான் பாக்கி. பனியாற்றிலிருந்து ரீடனுக்கு வரும் முகட்டுப் பாதை. ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, மறுபக்கம் ஒன்றுமே இல்லை. நடுவில், பாதை முழுவதையும் அடைத்துக்கொண்டு ஓஸ்வால்டின் வைக்கோல் கொட்டில் உட்கார்ந்திருக்கும். மேல் பக்கம் ஒரு கதவு, கீழ்ப் பக்கம் ஒரு கதவு. போகிறவன் கொட்டிலுக்குள் நுழைந்துதான் போக வேண்டும். இரண்டு கதவையும் வருஷம் முழுக்கத் திறந்தே வைத்திருப்பார்கள். மழை உள்ளே அடிக்கும், பனி உள்ளே கொட்டும், ஒரு பிடி வைக்கோல்கூட வைக்க முடியாது. ஆனாலும் ஓஸ்வால்டின் குடும்பம் தலைமுறை தலைமுறையாக அதற்குக் கூரை மாற்றிக்கொண்டுதான் இருந்தது.

காரணம் நான்கு ஊர்க்காரர்களுக்கும் தெரியும், யாரும் சபையில் எழுந்து சொல்ல மாட்டார்கள். இந்த ஊர்களில் சாகிறவர்கள் பனியாற்றுக்குப் போகிறார்கள். அங்கே பனிக்குள் நின்று தங்கள் பாவக் கணக்கைத் தீர்த்துவிட்டுத்தான் அதற்கு மேலே. போகிற வழி முகட்டுப் பாதை. தனித்தனியாகப் போவதில்லை, வரிசையாகப் போவார்கள். அதற்கு முகட்டு ஊர்வலம் என்று பெயர். எதிரே அகப்பட்டுக்கொண்டால் பாறைப் பக்கமாக ஒதுங்கி, தலையைக் குனிந்து, அவர்களின் கால்களை மட்டும் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

ஊர்ச்சபை வளையத்துக்கு அனுமதி கொடுத்தபோது ஓஸ்வால்ட் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

“வண்டி தாராளமா போகட்டும். கீழயிருந்து மேல போகட்டும்.”

“மேல ஏத்தத்துல யாரு மாமா ஓட்டுவா? தூக்கிக்கிட்டுத்தான் போகணும்” என்றாள் ஃபிடெஸ்.

“தூக்கட்டும். தின்ன சீஸ் செரிக்கும்.”

லியாண்டர் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த இறக்கத்துக்காகத்தான் வளையமே, அதைத் திருப்பிப் போட்டால் பல்லைப் பிடுங்கிவிட்டுச் சிரிக்கச் சொல்கிற மாதிரி என்று கத்தினான். அதனால் முடிவாகாமலே இருந்தது. முதலில் ஓட்டிப் பார், அப்புறம் சண்டை போடலாம் என்று தங்கையை அனுப்பினான்.

அவள் மூடுபனி நாளொன்றில் மேலிருந்து இறங்கினாள். முன் சக்கரத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் பாதை அருமையாக இருந்தது. ஒவ்வொரு வளைவும் பின் சக்கரத்தைத் தூக்கித் திருப்ப வேண்டிய வளைவு. அண்ணன் இதைக் கேட்டால் எழுந்து உட்காருவான் என்று நினைத்துக்கொண்டே கொட்டிலுக்குள் வண்டியை உருட்டினாள். உள்ளே ஓஸ்வால்டின் கருமூக்குச் செம்மறிகள் மூன்று நின்றன. மந்தை செப்டம்பரிலேயே கீழே போய்விட்டது. இவை எங்கோ தப்பி நின்றவை. தான் வெளியே போனால் இவையும் பின்னாலேயே வந்து பள்ளத்தில் விழும் என்று அவள் நினைத்தாளா என்பதுகூடச் சந்தேகம். இந்த மலையில் பிறந்த பிள்ளைக்கு நடை வருவதற்கு முன்பே படலைச் சாத்துகிற பழக்கம் வந்துவிடும். கீழ்க் கதவைத் தாண்டினாள், கை பின்னால் போனது, கதவை இழுத்தது, தாழைப் போட்டது. கை செய்தது, அவள் செய்யவில்லை.

தாழ் விழுந்த சத்தத்தோடு உள்ளே ஆடுகள் மூன்றும் ஒரே நேரத்தில் நகர்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்ட சத்தம் கேட்டது. ஆள் வந்தால் ஆடு அப்படித்தான் வழி விடும். அவள் பொருட்படுத்தவில்லை.

இறங்க இறங்கக் குளிர் கூடியது. பாதை குறுகின இடத்திலெல்லாம் அவள் வண்டியை நிறுத்திப் பாறைப் பக்கம் சாய்ந்து நின்றாள். எதற்கு நின்றாள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மலையில் ஏறி வருகிறவருக்கு இறங்குகிறவர் வழி விடுவதுதான் மரியாதை. ஒருமுறை “டாக்வோல்” என்றும் சொன்னாள். பாதையில் யாரைக் கண்டாலும் இந்த ஊர்க்காரர்களின் வாய் தானாகச் சொல்லிவிடும் வணக்கம் அது. இன்னொரு வளைவில் இன்னொரு தடவை. ரீடன் தேவாலயத்தின் கொடிக்கம்பம் கண்ணில் பட்ட பிறகுதான், வழியில் ஒருவரும் பதில் சொல்லவில்லை என்பதும், வழியில் ஒருவருமே இல்லை என்பதும் அவளுக்கு உறைத்தது.

வீட்டில் பாதிரியார், சாகிறவருக்குப் பூசுகிற எண்ணெய்ச் சிமிழோடு உட்கார்ந்திருந்தார். லியாண்டருக்கு மத்தியானத்திலிருந்து மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. கிரெசென்ஸ் சுவரில் உத்தரத்துக்குக் கீழே இருக்கும் சின்னப் பலகையைத் தள்ளித் திறந்து வைத்திருந்தாள். உயிர் போகிற வீட்டில் அதை உயிருக்காகத் திறப்பார்கள், போனதும் மூடிவிடுவார்கள். கைக்குட்டை அகலத் துவாரம். அதன் வழியாக மூடுபனி மெல்ல உள்ளே வந்துகொண்டிருந்தது.

ஆனால் அவன் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. டாக்டரம்மா வந்து நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, தன் கைக்கடிகாரத்தையே சந்தேகமாகப் பார்த்தாள். “இதயம் பலமா இருக்கு போல” என்றாள். அவள் முகத்தில் அதற்கான எந்த நம்பிக்கையும் இல்லை.

ஒரு வாரம் போனது. லார்ச் மரங்கள் சுத்தமாக மொட்டையாகிவிட்டன. லியாண்டர் இருந்தான். ஃபிடெஸ் கடையில் பாட்டுப் பாடிக்கொண்டே சங்கிலிக்கு எண்ணெய் போட்டாள். அந்த நேரத்தில்தான் ஓஸ்வால்ட் கைத்தடியை ஊன்றி, அறுவைச் சிகிச்சை செய்த இடுப்போடு கடைக்குள் நொண்டி வந்தார். கொட்டிலுக்குச் சொந்தக்காரர் மட்டுமல்ல, எக்காவுக்கும் பிர்ஷ்மாட்டுக்கும் குழி வெட்டுகிறவரும் அவர்தான். மண் உறைந்துவிட்டால் கடப்பாரை இறங்காது என்று, போகிற மாதிரி இருப்பவர்களுக்கு முன்கூட்டியே வெட்டி வைத்துவிடுவார். அதில் அவருக்கு வெட்கமோ மறைவோ கிடையாது.

“பியுஸ் கிழவனுக்கு வெட்டின குழியில பனி நிறைஞ்சுபோச்சு. உங்கண்ணனுக்கு வெட்டினதுலயும்தான். எத்தனை தடவம்மா நான் அள்ளிக் கொட்டுறது?”

“உங்களுக்கு வேற வேலையே இல்லியா மாமா? மனுஷன் உசுரோட இருக்கும்போதே…”

“உசுரோடதான் இருக்கான். அதான் சிக்கலே.” அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “பியுஸுக்கு ரெண்டு தடவ எண்ணெய் பூசியாச்சு. ரீடன்ல அந்தப் பால்பண்ணைக்காரன் பொண்டாட்டி, மாரடைப்புல விழுந்தவ, ஆஸ்பத்திரியில மிஷினை நிறுத்தின பொறகும் கெடக்கா. நாலு ஊருலயும் ஒருத்தரும் போகல. நீ அந்தப் பக்கம் போனியாமே?”

“போனேன்.”

“கீழ்க் கதவு?”

அப்போதுதான் அவள் உள்ளங்கைக்குத் தாழின் குளிர்ச்சி ஞாபகம் வந்தது.

“திறந்துதான் இருந்துச்சு.”

“போறப்ப திறந்திருக்கும். நீ வந்த பொறகு?”

“திறந்துதான் இருக்கு மாமா.”

ஓஸ்வால்ட் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். “என்னால இந்த இடுப்பை வெச்சுக்கிட்டு ஏற முடியாது. வேற யாரையும் அனுப்பவும் மனசு வரல. ஒண்ணு மட்டும் சொல்றேன், கேட்டுக்க. செத்தவனுக்குக் கால் உண்டு, கை கிடையாது. சாத்தின கதவுக்கு முன்னால நிக்கத்தான் முடியும்.”

மறுநாள் அவள் ரீடன் வழியாகக் கீழிருந்து ஏறினாள். திறக்கத்தான் போனாள், அதில் பொய்யில்லை. இரவில் புதுப் பனி விழுந்திருந்தது. தேவாலயத்தைத் தாண்டி மேய்ச்சல் நிலம் முடிகிற இடம்வரை பனி சுத்தமாக இருந்தது. முகட்டுப் பாதை தொடங்கியதும் அதில் கால்தடங்கள் இருந்தன.

ஆணி அடித்த பழைய பூட்ஸ் தடம். அகலமான ரப்பர் பூட்ஸ் தடம். கம்பளிச் செருப்பை இழுத்து இழுத்து நடந்த தடம். எல்லாம் மேல்நோக்கி. கொட்டிலுக்கு வந்தபோது கதவு சாத்தித்தான் இருந்தது, அவள் போட்ட தாழ் போட்டபடி. கதவுக்கு முன்னால் பனி சந்தை நாளில் மிதிபட்ட மாதிரி மிதிபட்டுக் கிடந்தது. ஒரு தடம்கூடத் திரும்பவில்லை. அந்த மிதிபட்ட இடத்தின் மேல், காற்றே இல்லாத அந்தக் காலையில், பனித்தூள் மெல்ல அசைந்துகொண்டிருந்தது. நிறையப் பேர் காலை மாற்றி மாற்றி ஊன்றி நின்றால் அசையுமே, அந்த மாதிரி.

ஈரக் கம்பளி வாசனை அடித்தது. ஃபிடெஸ் வண்டியைப் பிடித்தபடி நின்றாள். நாலெட்டு வைத்தால் தாழ் எட்டிவிடும். திறந்தால் பியுஸ் போவார், பால்பண்ணைக்காரரின் மனைவி போவாள். பிறகு வரிசையில் யார் என்பது அவளுக்குத் தெரியும்.

“மன்னிச்சுக்கங்க” என்று யாரிடம் என்றில்லாமல் சொன்னாள். வண்டியைத் திருப்பிக்கொண்டு இறங்கினாள்.

வீட்டுக்கு வந்து அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது கை சூடாக இருந்தது. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கமே இல்லாமல் சந்தோஷமாக இருந்தது. தாழ் போட்ட ஒரு மரக்கதவு போதும் என்றால், அது ஆயுசுக்கும் சாத்தியே கிடக்கட்டும். ஊரே குறை சொல்லட்டும்.

அந்தச் சந்தோஷம் ரொம்ப நாள் தாங்கவில்லை. சாவு நின்றதே தவிர நோய் நிற்கவில்லை. டாக்டரம்மா ஊசியின் அளவை ஏற்றினாள், பிறகு இன்னும் ஏற்றினாள், பிறகு இதற்கு மேல் ஏற்ற எனக்குக் கை வராது என்றாள். லியாண்டரின் முதுகெலும்பு ஒவ்வொன்றாக நொறுங்கியது. புரட்டிப் போடும்போது அவன் கத்துகிற சத்தம் தெருவின் கடைசி வீடுவரை கேட்டது. கிரெசென்ஸ் தலை சீவுவதை நிறுத்திவிட்டாள். சுவரில் அந்தப் பலகை திறந்தே கிடந்தது. அடுப்பில் எவ்வளவு விறகு போட்டாலும் சூடு அதன் வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தது.

“மூடிடவா அண்ணி? வீடே உறையுது.”

“மூடாதடி. நீ வேண்டிக்கிற மாதிரி நானும் வேண்டிக்கிறேன்னு நினைச்சியா?” கிரெசென்ஸ் கிசுகிசுத்தாள். “தினமும் போயிடணும்னு வேண்டிக்கிறேன். கட்டின புருஷன் சாகணும்னு மாதாகிட்ட கேக்குறேன். நான் என்ன ஜென்மமோ தெரியல.”

நவம்பர் பாதியில் ஒரு காலை, லியாண்டர் தங்கையைக் கூப்பிட்டு வரைபடத்தை விரிக்கச் சொன்னான். குரல் கரகரவென்று இருந்தது.

“முகட்டுப் பாதை எப்படி இருந்துச்சுன்னு நீ சொல்லவே இல்லியே.”

“சொன்னேனே. நல்லா இருந்துச்சு.”

“கொட்டில்?”

அவள் வரைபடத்தின் மடிப்பை நீவினாள்.

“கண்ண மூடினா நான் அங்கதான் நிக்கிறேன், ஃபிடி. எனக்கு முன்னால பியுஸ் கிழவன், அவனுக்கு முன்னால தெரியாத ஆளுங்க. வரிசை நகரவே மாட்டேங்குது. போஸ்ட் ஆபீஸ்ல ஒரே ஒரு ஆள் உக்காந்திருக்கிற நாள் மாதிரி.” சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. “ஒருத்தரும் திட்டல. திட்டினாக்கூடப் பரவால்ல. எல்லாரும் கதவையே பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. நான் வெறும் சாக்ஸோட நிக்கிறேன். கால் எரியுது குளிர்ல. முழிச்சா இங்க முதுகு எரியுது. எங்கயும் இருக்க முடியல.”

“அண்ணா…”

“நீதானே சாத்தினே?”

“வேணும்னு சாத்தல. சத்தியமா. கை பழக்கம்.”

“தெரியும். நாலு வயசுல நீ படலைத் திறந்து போட்டு மாடு போச்சே, அன்னிக்கு உன் கையில அடிச்சுப் பழக்கினவன் நான்தான். அது தப்பில்ல.” அவன் மூச்சு வாங்கினான். “அப்புறம் ஒரு நாள் வந்தே. வண்டியைப் பிடிச்சுக்கிட்டு எங்க பின்னால நின்னே. திறக்காமத் திரும்பிப் போனியே, அது?”

ஃபிடெஸுக்கு அழுகை பீறிட்டது. “அது வேணும்னுதான். நீ போகக் கூடாது. நீ போனா நான் யாருகிட்ட வந்து சொல்றது? எந்த வளைவு எப்படி இருந்துச்சுன்னு யாருகிட்ட சொல்றது?”

“கழுதை” என்றான் அவன், ரொம்பப் பிரியமாக. “பென்சிலைக் குடு. ரப்பரையும் குடு.”

முகட்டுப் பாதைமேல் தானே போட்டிருந்த அம்புக்குறிகளை அழித்தான். ரப்பரை அழுத்தியதில் வரைபடம் கொஞ்சம் கிழிந்தது. பிறகு எல்லா அம்புகளையும் திருப்பி வரைந்தான், ரீடனிலிருந்து மேலே பனியாற்றை நோக்கி. அதற்கேற்ப வளையம் முழுவதையும் திருப்பினான்.

“ஓஸ்வால்ட் சொன்னதுதான் சரி. எதிர்ல வரக் கூடாது. அவங்க போற திசையிலயே போகட்டும்.”

“முழுக்கத் தூக்கிக்கிட்டுத்தான் போகணும்.”

“தூக்கட்டும். அழட்டும்.” பென்சில் விரலிலிருந்து நழுவியது. “போய்த் திறந்துட்டு வா.”

“நாளைக்குப் போறேன்.”

“இன்னிக்கு, ஃபிடி.”

அவள் எழுந்து அவன் நெற்றியில் முத்தமிட்டாள். வாசலில் ஷூ மாட்டும்போது, உள்ளே அவன் கிரெசென்ஸிடம் ஏதோ கேட்பது காதில் விழுந்தது. என்னவென்று புரியவில்லை.

உச்சி வேளை, ஆனால் மூடுபனியில் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்றே தெரியவில்லை. ரீடனில் ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. முகட்டுப் பாதை தொடங்குகிற இடத்தில் வண்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். வண்டியை அங்கேயே போட்டுவிட்டுப் போயிருக்கலாம். அண்ணனின் வளையத்தில் வண்டி இல்லாமல் நடக்க அவளுக்கு மனம் ஒப்பவில்லை.

கொட்டிலுக்கு முன்னால் மிதிபட்ட இடம் இப்போது பெரிதாகியிருந்தது. வண்டியைப் பாறையில் சாய்த்தாள். தலையைக் குனிந்துகொண்டு அதற்குள் காலெடுத்து வைத்தாள். கூட்டத்தில் நுழைகிறவர்கள் தோளை ஒடுக்கிக்கொள்வது போல அவள் தோள் தானாக ஒடுங்கியது. குளிர் பல்லுக்குள் இறங்கியது. யாரும் தொடவில்லை. ஆனால் அவள் ஒவ்வொரு அடி வைக்கும்போதும் அந்த இடம் மட்டும் ஒதுங்கிக்கொடுப்பது தெரிந்தது. அவளைச் சபிப்பார்கள் என்றுதான் நினைத்திருந்தாள். வழி விட்டார்கள். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

தாழ் உறைந்திருந்தது. உள்ளங்கையை வைத்து உருக்கி, கல்லால் தட்டி எடுத்தாள். கதவைத் திறந்து, மறுபடி சாத்திக்கொள்ளாமல் இருக்க அடியில் அந்தக் கல்லையே உருட்டி வைத்தாள். ஆடுகள் உள்ளே இல்லை. மேல் கதவு வழியே எப்போதோ போயிருக்க வேண்டும். பாறைப் பக்கமாக முதுகை ஒட்டி நின்று கண்ணைத் தரையில் வைத்தாள்.

முதலில் ஆணி பூட்ஸ்கள் போயின. எந்தக் காலத்து ஆட்களோ, என்ன காரணத்தால் பின்தங்கினவர்களோ. பால்பண்ணைக்காரரின் மனைவி ரப்பர் பூட்ஸோடு போனாள், அதில் சாணி காய்ந்திருந்தது. கம்பளிச் செருப்பை இழுத்துக்கொண்டு பியுஸ் போனார். சத்தமே இல்லை. பிறகு வரிசையில் இடைவெளி விழுந்தது. ஃபிடெஸ் தலையை நிமிர்த்த இருந்தாள்.

டிக் என்றது. பிறகு ஒன்றுமில்லை. மறுபடி டிக். பிறகு ஒன்றுமில்லை.

சைக்கிள் ஷூவின் அடியில் மிதிகட்டையோடு மாட்டுகிற இரும்பு இருக்கும். அது பாறையில் படுகிற சத்தம் அவளுக்குத் தூக்கத்திலும் தெரியும். வலது காலில் ஷூ இருந்தது, அந்தப் பழைய ஆரஞ்சு நிறப் பந்தய ஷூ. இடது காலில் சாம்பல் நிறச் சாக்ஸ் மட்டும், பெருவிரல் பக்கம் கிரெசென்ஸ் தைத்த தையலோடு. அந்தக் கால்கள் அவளுக்கு நேராக வந்ததும் நின்றன. அவள் நிமிரவில்லை. நிமிரக் கூடாது என்று அவள் உடம்பு முழுக்கச் சொன்னது.

“எட்டாவது வளைவு ரொம்பக் குறுகல், அண்ணா” என்று தரையைப் பார்த்தே சொன்னாள். “தூக்கிக்கிட்டுத் திரும்பும்போது முன் சக்கரம் பாறையில இடிக்குது. மத்ததெல்லாம் நல்லா இருக்கு.”

கால்கள் கொஞ்ச நேரம் நின்றன. பிறகு வாசல்படியைத் தாண்டின. கொட்டிலின் பலகைத் தரையில் டிக், மௌனம், டிக், மௌனம் என்று போய், மேல் கதவு வழியாகப் பனிக்குள் இறங்கித் தேய்ந்தன.

அவள் இறங்கி எக்கா வரும்போது மூடுபனி விலகியிருந்தது. தெருமுனையிலிருந்தே வீட்டுச் சுவர் தெரிந்தது. உத்தரத்துக்குக் கீழே இருந்த பலகை மூடியிருந்தது. அவள் வண்டியை நிறுத்தி, கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உள்ளே போனாள்.

கிரெசென்ஸ் கட்டிலின் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு ஆரஞ்சு ஷூ.

“கால் குளிருது, ஷூவ மாட்டி விடுன்னாரு. வலது கால்ல மாட்டிட்டேன். இடது கால் வீங்கியிருந்துச்சு, ஏறல. தள்ளிப் பாத்துக்கிட்டே இருந்தேன். நிமிந்து பாத்தா…” அவள் ஷூவைத் தூக்கிக் காட்டினாள். “ஒத்தக் கால்ல போயிட்டாரே ஃபிடெஸ். பனியில ஒத்தக் கால்ல.”

ஃபிடெஸ் ஷூவை வாங்கினாள். நாடாவை முழுக்க உருவி எடுத்து, ஷூவின் நாக்கை வெளியே இழுத்து, அந்த வீங்கின காலில் மெல்ல ஏற்றினாள். இப்போது ஏறியது. இறுக்கிக் கட்டினாள். தாமதமாகத்தான் கட்டுகிறோம் என்று தெரிந்தே கட்டினாள். அப்புறம்தான் இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். ஓஸ்வால்ட் அன்று மாலையே குழியிலிருந்து பனியை அள்ள ஆரம்பித்தார், யாரும் சொல்லாமலே.

ஜூனில் வளையத்தைத் திறந்தார்கள். நான்கு ஊரிலும் வழியில் இருக்கிற ஒவ்வொரு படலிலும் ‘சாத்திவிட்டுப் போகவும்’ என்று பலகை தொங்கியது. ரெட்டைக் கதவுக் கொட்டிலில் மட்டும் பலகை இல்லை. ஓஸ்வால்ட் இரண்டு கதவையும் சுவரோடு சேர்த்துச் சங்கிலி போட்டுக் கட்டியிருந்தார். பாறையிலிருந்து சொட்டின தண்ணீரில் கீழ்க் கதவின் கொண்டி துருப்பிடித்து, திறப்பு விழா அன்றே சங்கிலி கழன்று கிடந்தது.

முதல் ஆளாக ஃபிடெஸ் வண்டியைத் தோளில் சுமந்து கொட்டிலுக்குள் நுழைந்தாள். அடுத்து வந்தவள் ஹோபியில் ஊர்ப் பெண், மாடு மேய்த்து வளர்ந்தவள். உள்ளே வந்ததும் அவள் கை தானாகப் பின்னால் போய்க் கதவைப் பிடித்தது. ஃபிடெஸ் வண்டியைப் போட்டுவிட்டுப் பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“ஏன்க்கா? சாத்த வேணாமா?”

“வேணாம். பின்னால ஆள் வர்றாங்க.”

அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள். வெயிலில் பாதை ரீடன் வரைக்கும் காலியாகத் தெரிந்தது. அவள் வண்டியை உள்ளே இழுத்துக்கொண்டு, சுவர் ஓரமாக ஒதுங்கி, தலையைக் குனிந்து நின்றாள்.